தம்பி என்று எழுதியவருக்கு மூன்றாவது எச்சரிக்கை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலாம் மாதம், ஒருவரும் கேட்காமலேயே, ஒரு தமிழ்க் கருத்துக்களத்தின் விதிமுறைகளில் பதினெட்டுக் குறைகள் இருப்பதாக அதன் உரிமையாளருக்கு எழுதி அனுப்பினேன். இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருந்த தமிழர்கள் சில நூறு பேர், புனைபெயர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடவுள் உண்டா, பொதுவுடைமை செத்துவிட்டதா, இங்கே பிறந்த பிள்ளைக்குத் தாய்மொழி எதற்கு என்று இணையத்தில் அடிபட்டுக்கொண்டிருந்த இடம் அது. நான் வாசகனாகத்தான் போனேன். ஒரு கிழமையில் எனக்குத் தலை சுற்றியது. ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லும் முன்னர் மூன்றாமவர் வேறு கேள்வி கேட்டார். நாலாமவர் முதலாமவரின் ஊரைக் கேட்டார். தலைமை இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை, முறைப்பாடு செய்ய ஒரு வழி இல்லை.

நான் பத்தொன்பது வருடம் விக்டோரியா மாநில அரசின் ஒரு திணைக்களத்தில் குழுக்களுக்குச் செயலாளராக இருந்தவன். கூட்டம் கூட்டுவது, தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, முறைப்பாட்டைப் பதிவது, விசாரிப்பது, மேன்முறையீட்டை நிராகரிப்பது எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனையோ அமைச்சர்கள் மாறினார்கள். நான் எழுதிய நடைமுறைக் கையேடு மட்டும் மாறவில்லை. ஒருவரும் அதை வாசிக்காதது அதற்கு உதவியிருக்கலாம்.

கருத்துக்களத்தின் உரிமையாளர் சிட்னியில் கணினித் துறையில் வேலை செய்த கோயம்புத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். என் கடிதம் கிடைத்த மறுநாளே தொலைபேசியில் வந்தார்.

"சார், உங்க மெயில் படிச்சேன். பதினெட்டும் கரெக்ட். நீங்களே வந்து பாத்துக்கிறீங்களா? என்னால இவங்கள மேய்க்க முடியல."

மட்டுறுத்துனரை நியமிப்பதற்கு ஏதாவது நடைமுறை வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். மட்டுறுத்துனர் என்றால் விவாதங்களை ஒழுங்குபடுத்துகிறவர். அந்தச் சொல்லையே அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

"இருக்கு சார். நான் கேக்கணும், நீங்க ஆமான்னு சொல்லணும்."

அந்த நடைமுறை எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஓம் என்றேன்.

இலங்கையில் எங்கள் ஊர்ப் போரைப் பற்றிய விவாதங்கள் தனிப் பகுதியில், தனி மட்டுறுத்துனரின் கீழ் இருந்தன. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய நெஞ்சுரத்துக்கு என் வணக்கம். எனக்குக் கிடைத்தது கொள்கைச் சண்டைகளின் பகுதி. முதல் இரண்டு கிழமைகளில் முப்பத்தொரு விதிகள் எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அரசாங்க வேலையில் ஒருநாளும் வராத ஒரு துடிப்பு எனக்கு வந்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் தேத்தண்ணீர் நினைவு வராது. இரவில் யார் யாருக்கு என்ன பதில் எழுதியிருப்பார் என்ற நினைவுதான் வரும். மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கணினி இருந்தது. அதற்குப் போகும் ஆறேழு அடி நடையைச் சில காலைகளில் நான் ஓடித்தான் கடந்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி ஒருநாள். "ரிட்டயர் பண்ணியாச்செண்டு சொன்னீங்கள். பிறகேன் விடிய எட்டு மணிக்குச் சேட்டைக் கொழுவிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால போய் இருக்கிறீங்கள்?"

சட்டை போடாமல் வெறும் சாரத்தோடு இருந்து தீர்ப்பு எழுதக் கை வரவில்லை என்றேன். அவள் குசினிக்குப் போய் யாருக்கோ தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தது கேட்டது.

விதிகளில் ஐந்தாறை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கக் கூடாது. தாக்கப்பட்டவர் மட்டுமே முறைப்பாடு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் செய்ய முடியாது. பதிவு செய்த முறைப்பாட்டை மீளப் பெற முடியாது. எங்கள் ஆட்கள் காலையில் முறையிட்டு, மத்தியானம் சமாதானமாகி, பின்னேரம் மறுபடியும் முறையிட்டதால் வந்த விதி அது. மூன்று எச்சரிக்கை பெற்றவர் களத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார். யாருக்கு எத்தனை எச்சரிக்கை என்பது இரகசியம். நீக்கும் முன்னர் அவருடைய பக்கத்தை வாய்மொழியாகக் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதியில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. எழுதச் சொன்னால் இவர்கள் ஒவ்வொருவரும் இருபது பக்கம் எழுதுவார்கள். பேசச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. வெள்ளைக்காரர்களின் களங்களில் ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லி அழைக்காமலேயே வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கலாம். நாங்கள் அப்படி இல்லை. எதிராளி எனக்கு மூத்தவரா இளையவரா என்று முடிவு செய்யாமல் எங்களால் முதல் வரியைத் தொடங்க முடியாது. புனைபெயருக்குப் பின்னால் வயது தெரியாது. அதனால் ஐயா என்றார்கள், தோழர் என்றார்கள், நண்பரே என்றார்கள். பதில் இல்லாமல் போனால் தம்பி என்றார்கள். "தம்பி, இன்னும் வாசிக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதிவிட்டால், அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்றும், அதே நேரத்தில் எதிராளியைத் தரையில் இருத்திவிட்டார் என்றும் எல்லோருக்கும் விளங்கும். ஆகவே மட்டந்தட்டும் நோக்கத்தோடு ஒருவரைத் தம்பி, தங்கச்சி என்று விளிப்பதும் ஆளைத் தாக்குவதே என்று விதி எழுதினேன்.

சிட்னிக்காரர் தயங்கினார். "சார், தம்பின்னு சொல்றது தப்பா?"

எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தது என்று சொல்லி வைத்தேன்.

அந்த வருடம் களத்தையே கட்டிப்போட்டிருந்த விவாதம் ஒன்று இருந்தது. தொண்டு என்பது கூலியில்லாத உழைப்பா என்பது கேள்வி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிற தாய்மார், கோயில் சமையலறையில் சாம்பார் கிளறுகிற ஆண்கள், சங்க விழாவில் கதிரை அடுக்குகிறவர்கள் எல்லாம் தொழிலாளர்களா, இல்லையா? தொழிலாளர்கள்தான் என்று தொடங்கியவரைச் சங்கக்காரர் என்று குறிப்பிடுகிறேன். அவர் மெல்பேர்னின் வடக்கே ஒரு கார்த் தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரே பத்து வரிக்கு ஒருமுறை சொல்வார். உழைப்புக்குப் புனிதம் என்று பெயர் வைத்துவிட்டால் அதைச் சுரண்டுவது எளிது என்பது அவருடைய கட்சி. அதை எதிர்த்தவர் கணக்குக்காரர். கணிதச் சொல் ஒன்றைப் புனைபெயராக வைத்திருந்தார். ஒரு மனிதர் தன் நேரத்தைத் தன் விருப்பத்துக்குக் கொடுப்பதுதான் சுதந்திரம், அதிலே மூன்றாமவருக்கு என்ன வேலை என்பது இவருடைய கட்சி. வாதங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் "ஆகவே" என்று எழுதுவார்.

நாலு மாதம் நடந்தது. இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் கடைசி வரிவரை வாசித்துத்தான் பதில் எழுதினார்கள். களத்தில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. நான் நடுநிலையாளன். மட்டுறுத்துனர் தன் பகுதி விவாதத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்பது ஐந்தாம் விதி. ஆனால் சங்கக்காரரின் ஒரு பதிலை வாசித்துவிட்டுக் கதிரையிலிருந்து எழுந்து நின்ற நாட்களும், கணக்குக்காரரின் மறுப்பை வாசித்துவிட்டுத் திரும்ப இருந்த நாட்களும் உண்டு.

சங்கக்காரருக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள். ஒருவரை முதலாளிகளின் வால் என்றதற்கு ஒன்று. இன்னொருவரின் மூளை விடுமுறையில் போயிருக்கிறதா என்று கேட்டதற்கு மற்றது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணக்குக்காரருக்கு இப்படி எழுதியிருந்தார்: "தம்பி, பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டை முடித்துவிட்டு வாரும். பிறகு கதைப்பம்."

அடுத்த அரை மணித்தியாலத்தில் கணக்குக்காரரின் முறைப்பாடு வந்தது. மூன்றே வரி, எண்ணிட்டு. ஒன்று, தம்பி என்று அழைக்கப்பட்டேன். இரண்டு, நோக்கம் மட்டந்தட்டுவது. ஆகவே, நடவடிக்கை தேவை.

முறைப்பாட்டைப் பதிந்தேன். பதிந்த பின் எனக்கே வழி இல்லை. வாய்மொழி விசாரணைக்காக, களத்தில் சேரும்போது கொடுத்திருந்த எண்ணில் சங்கக்காரரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். யாரோ எடுத்தார்கள். நான் யார், எதற்காக எடுக்கிறேன் என்று சொன்னேன். பதில் இல்லை. பேசுவது அவர்தானா என்று கேட்டேன். மேசையில் நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம். உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு தட்டு. நான் காத்திருந்தேன். இன்னும் இரண்டு தட்டு. வைத்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒருவரும் எடுக்கவில்லை; என் பெயரையும் எண்ணையும் சொல்லித் தகவல் விட்டேன். "குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய் திறக்க மறுத்து, மேசையில் தட்டி விசாரணையை அவமதித்தார்" என்று பதிவேட்டில் எழுதினேன். மூன்று முறை மறுத்தாலோ எடுக்காவிட்டாலோ பக்கம் சொல்லும் உரிமை இழக்கப்படும் என்பதும் நான் எழுதிய விதிதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீக்குவதாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, நீங்கள் மெசேச் விட்டனீங்கள். நான் அவற்ர மனிசி கதைக்கிறன். அவருக்குக் குரல் இல்லை அண்ணை. தொண்டையில ஒப்பரேசன் செய்து ரெண்டு வருசம்."

அவர் தொடர்ந்தார். வைத்தியசாலையில் கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்களாம். ஒரே ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டு, இது தன்னுடைய குரல் இல்லை என்று எழுதிக் காட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டாராம். ஊரிலே மேதின மேடைகளில் ஒலிவாங்கி இல்லாமல் பேசியவராம். வீட்டிலே ஓம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. அந்தப் பழக்கத்தில் எனக்கும் தட்டியிருக்கிறார். பக்கத்தைச் சொல்லுங்கள் என்று நான் கேட்க, ஏலாது, ஏலாது என்று அவர் தட்டியிருக்கிறார். அதை நான் அவமதிப்பு என்று பதிந்திருக்கிறேன்.

"அவர் இப்ப கதைக்கிறதெண்டால் அந்தக் கொம்பியூட்டருக்குள்ளதான், அண்ணை. அதையும் பூட்டிப்போடாதேங்கோ. நான் எடுத்தனான் எண்டு மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. பாவம் பாக்கச் சொல்லிக் கேட்டனெண்டு தெரிஞ்சால் வீட்டில பெரிய பிரச்சினை."

சத்தமே இல்லாத ஒரு மனிதர் எப்படிப் பெரிய பிரச்சினை செய்வார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய எழுத்தை வாசித்தவனுக்கு அந்தச் சந்தேகம் வராது.

முறைப்பாட்டை என்னால் கிழிக்க முடியாது. கணக்குக்காரராலும் மீளப் பெற முடியாது. வாய்மொழி விசாரணையைக் கைவிட்டால் தீர்ப்பே செல்லாது. முப்பத்தொரு விதிகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, திறப்பைத் தொலைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் நிற்கிறவன்போல ஒரு நாள் முழுக்கத் தேடினேன். நேரில் விசாரணை என்று ஒரு வழி இருந்தது. பேசாதவரின் எழுத்தை யாராவது உரத்து வாசித்தால் அது வாய்மொழிதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேரம் டவுன்ஸ் கோயில் உணவுக்கூடம். சங்கக்காரர் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மனைவியை அங்கே கூட்டிவருவார், தான் கும்பிடமாட்டார், தோசை சாப்பிடுவார் என்பதைக் களத்தில் அவரே எழுதியிருந்தார். அவருடைய பதில் ஒரே வரி: "வருவேன். பேசமாட்டேன்."

முதலில் வந்தவர் சங்கக்காரர். வடக்கே கிரெய்கிபர்னிலிருந்து நகரத்தின் மறு கரைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டி வந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார், சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம், இரண்டு பேனை. கை குலுக்கிவிட்டு முதல் வரியை எழுதிக் காட்டினார்: "தட்டினது விளங்கேல்லையோ?" நான் மன்னிப்புக் கேட்டேன். கையால் அதைத் தள்ளிவிட்டுத் தோசை வரிசையைப் பார்த்தார்.

இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகுப்பையோடு ஒரு மெலிந்த பையன் வந்தால் அவன்தான் கணக்குக்காரன் என்று நினைத்து, வந்த இரண்டு மூன்று பையன்களைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர்கள் பயந்து விலகிப் போனார்கள். அப்போது பருத்திச் சேலையும் ஓட்டக் காலணியும் அணிந்த ஓர் அம்மா, கையில் தடித்த கோப்போடு எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எழுபதைத் தாண்டியிருப்பார்.

"நீங்கதானே மட்டுறுத்துனர்? நான்தான் தம்பி," என்றார்.

சங்கக்காரரின் கையிலிருந்து பேனை மேசையில் விழுந்தது.

அவர் ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர்; பேச்சில் இடைக்கிடை ஊர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். மெல்பேர்னிலே உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பலசரக்குக் கடையில் அவருடைய தள்ளுவண்டிக்கு நான் எத்தனையோ முறை வழிவிட்டிருப்பேன். கோப்பிலே நாலு மாத விவாதம் முழுக்க அச்செடுத்து, இரண்டு நிறத்தில் கோடிட்டு வைத்திருந்தார்.

விசாரணையைத் தொடங்கினேன். சங்கக்காரர் எழுதுவதை நான் உரத்து வாசிப்பேன், அது வாய்மொழியாகப் பதியப்படும் என்று அறிவித்தேன். அவர் ஏன் எழுதுகிறார் என்று அந்த அம்மா கேட்கவில்லை. சால்வையை ஒரு கணம் பார்த்தார், கோப்பைத் திறந்தார்.

"இது நிரூபிக்கப்பட்டால் மூன்றாவது எச்சரிக்கை," என்றேன். "நிரந்தரமாக நீக்க வேண்டி வரும்."

"மூணாவதா? எனக்கு யாரும் சொல்லலையே."

"அது இரகசியம். இருபதாம் விதி."

"நல்லா இருக்கு உங்க விதி," என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

சங்கக்காரரிடம் கேட்டேன். எதிராளி இளையவர் என்று உண்மையாகவே நினைத்து, அன்பாகவோ வழக்கமாகவோ தம்பி என்று எழுதினாரா, அல்லது மட்டந்தட்டவா? கேள்வியிலேயே வெளியேறும் கதவைத் திறந்து வைத்துத்தான் கேட்டேன். அன்பாக என்று நாலு எழுத்து எழுதினால் போதும். அவர் யோசிக்கவே இல்லை. எழுதி என் பக்கம் திருப்பினார். நான் வாசிக்க வேண்டியிருந்தது.

"மட்டந்தட்டத்தான் எழுதினனான்."

"வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றேன். விசாரிப்பவன் அப்படிச் சொல்லக் கூடாது.

அவர் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு கீறினார். பிறகு இன்னொரு வரி எழுதினார். அதையும் வாசித்தேன். "பொய் சொல்லிக் களத்தில இருக்கமாட்டன். நீக்குங்கோ."

எழுதிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ கூட்டங்களில் ஆட்கள் ஒரு சொல்லை மாற்றித் தப்பிப் போனதைக் கண்டவன் நான். தப்பமாட்டேன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு என் கையேட்டில் பக்கம் இல்லை. கோயிலுக்குள்ளிருந்து அவருடைய மனைவி வரும் நேரமாகியிருந்தது. அந்த மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன்.

"ஒரு நிமிஷம்," என்றார் அந்த அம்மா. என் விதிகளின் அச்சுப்படி ஒன்றும் அவருடைய கோப்பிலே இருந்தது. "விதி பதினாலு. தாக்கப்பட்டவர் மட்டும்தான் முறைப்பாடு செய்யலாம். சரியா?"

"சரி."

"இவர் தாக்குனது யாரை? யூனிவர்சிட்டியில முதலாம் ஆண்டு படிக்கிற ஒரு பையன. நான் அந்தப் பையனா?"

"இல்லை."

"அப்ப தாக்கப்பட்ட ஆள் நான் இல்ல. ஆகவே, நான் குடுத்த முறைப்பாடு செல்லாது."

"பதிந்ததை மீளப் பெற ஏலாது, அம்மா."

"நான் எங்க வாபஸ் வாங்குனேன்? செல்லாதுன்னு சொல்றேன். ரெண்டும் வேற லா. அந்தப் பையன் இருந்தா அவன் வந்து குடுக்கட்டும்."

பத்தொன்பது வருட உத்தியோகத்தில் நான் எழுதிய விதிகளை ஒருவர் இவ்வளவு கூர்மையாக வாசித்து, அதே விதிகளைக் கொண்டு என்னை மடக்கியது அதுதான் முதல் தடவை. எழுந்து கை தட்டலாம் போல இருந்தது. விசாரணைத் தலைவன் என்பதால் தண்ணீர் குடித்தேன்.

சங்கக்காரர் வேகமாக எழுதினார். நான் வாசித்தேன். "இரக்கம் வேண்டாம்."

"இரக்கமா?" அந்த அம்மா அவரை நேராகப் பார்த்துப் பேசினார். "மூணாவதுன்னு தெரிஞ்சிருந்தா முறைப்பாடே குடுத்திருக்க மாட்டேன். முப்பத்தி நாலு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவள முதலாம் ஆண்டுன்னா கோபம் வராதா? அதான் குடுத்தேன். நான் எழுதுறத கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். எங்க வீட்டுல ரெண்டாவது வரியிலயே ஓகே மான்னு எழுந்து போயிடுறாங்க. உங்களத் தூக்கிட்டா நான் யாரோட சண்ட போடுறது?" மூச்சு வாங்கிவிட்டு, "சரி, ஏழாவது பாயின்டுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல," என்றார்.

சங்கக்காரர் தாளைப் புரட்டினார்.

பிறகு நடந்ததற்குத் தலைமை தாங்கியதாக நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த அம்மா பேசினார், அவர் எழுதினார், நான் வாசித்தேன். முதலில் நீதிமன்ற எழுதுவினைஞன்போலத் தட்டையாக வாசித்தேன். "விருப்பத்தோடு செய்தாலும் உழைப்பு உழைப்புத்தான். வியர்வைக்கு விருப்பம் தெரியாது" என்ற வரி வந்தபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த அம்மாவும் குரலை உயர்த்தினார். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் தட்டுகளோடு திரும்பினார்கள். சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர் அகப்பையோடு வந்து நின்றார். நான் அவரைக் காட்டி, இதோ இவர் இங்கே வந்ததால் இவருடைய வீட்டில் இன்று யார் சமைத்தார்கள், அந்த உழைப்பையும் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவருடைய மனைவியின் ஞாயிற்றுக்கிழமை யாருடைய சுதந்திரம் என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லும் முன்னர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். கையை வீசியிருக்கிறேன் போல. தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் அந்த அம்மா. "இது அவர் எழுதுனதா, நீங்க சேத்ததா?"

தாளைப் பார்த்தேன். அதிலே இருந்தது மூன்று சொல்: "வீட்டு வேலை பற்றி?"

சங்கக்காரரின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் ஒரு மனிதர் அவ்வளவு சிரித்து நான் கண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். வாசிக்கச் சொல்லி என் விலாவில் இடித்தார்.

"விடுங்கோ, நல்லாத்தான் போகுது."

அகப்பைத் தொண்டர் என்னிடம் குனிந்தார். "அங்கிள், முப்பத்தாறாம் நம்பர் உங்கடதே? மூண்டு தரம் கூப்பிட்டாச்சு. தோசை ஆறுது." சுரண்டப்படுகிறாரா என்று அந்த அம்மா அவரைப் பிடித்துக் கேட்டார். மனைவி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துத் தூங்குவாளாம், தான் இங்கே வருவதே அதற்காகத்தானாம். இரு தரப்பும் அந்தச் சாட்சியத்தைத் தங்களுக்குச் சாதகமாகக் குறித்துக்கொண்டார்கள்.

சங்கக்காரரின் மனைவி பிரசாதத்தோடு வந்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார், சிந்தியிருந்த தண்ணீரைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார். அவர்கள் புறப்படும்போது மூன்று மணி.

வீட்டுக்கு வந்து தீர்ப்பை எழுதினேன். முறைப்பாடு செல்லாது, தாக்கப்பட்ட நபர் இன்னும் முன்வரவில்லை. தட்டி அவமதித்தார் என்ற பதிவை நீக்கினேன். வாய்மொழியாக என்ற சொல்லை விதியிலிருந்து எடுத்துவிட்டு, அவரவர் விரும்பிய வழியில் என்று மாற்றினேன். கடைசியாக, ஐந்தாம் விதியை மீறிக் கருத்துச் சொன்னதற்காக மட்டுறுத்துனருக்கு முதலாவது எச்சரிக்கை விடுத்தேன்.

சிட்னிக்காரர் தொலைபேசியில் சிரித்தார். "சார், அது கேன்டீன்ல நடந்தது. சைட்டுல இல்லையே."

விதியின் நோக்கம் என்று ஒன்று உண்டு என்று அவருக்கு விளக்கினேன். அவர் இடையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பின்னறைக்கு ஓடினேன் என்பதை மறைக்கவில்லை. சங்கக்காரரின் பதில் வந்திருந்தது. ஏழாவது வாதத்துக்கு மட்டும் பதினாலு பத்தி. கணக்குக்காரரின் தர்க்கத்தை நட்டுக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, எங்கெங்கே துரு என்று காட்டியிருந்தார். களத்தில் அதுவரை நான் வாசித்த பதில்களில் இரக்கமே இல்லாதது அதுதான். "அக்கா," என்று தொடங்கியிருந்தார். விதி மீறல் ஏதும் உண்டா என்று மூன்று முறை தேடினேன். ஒன்றும் இல்லை. நாலாம் முறை சும்மா வாசித்தேன், உரத்து.